சமத்து

“நாள் பூரா சமத்தா இருந்தாங்க சார். அழுகையே இல்ல. சோறு சாப்பிட்டாங்க, தூங்குனாங்க. உங்களப் பாத்ததும்தான் ஆரம்பிச்சுட்டாங்க.”

காப்பகத்து ஆயா இதைச் சொல்லும்போது குரலில் பாதி மன்னிப்பும் பாதி குற்றச்சாட்டும் இருக்கும். பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நான் நினைத்துவிடக் கூடாதே என்று மன்னிப்பு. நன்றாக இருந்த பிள்ளையை வந்த வேகத்தில் கெடுத்துவிட்டேனே என்று குற்றச்சாட்டு. என் மகளுக்கு அப்போது இரண்டேகால் வயது. ஒரு நிமிடம் முன்புவரை பிளாஸ்டிக் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தவள்தான். கேட்டின் கொண்டிச் சத்தம் கேட்டுத் திரும்புவாள். என் முகத்தைப் பார்ப்பாள். கீழுதடு மெல்லப் பிதுங்கும். கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் ஓடிவந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் அழுது தீர்ப்பாள். அந்த டம்ளர்களில் மூன்று நான்கு எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

முதல் ஒரு மாதம் எனக்கு இது வெட்கமாக இருந்தது. மற்ற பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு டாட்டா காட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். இவள் மட்டும் ஏன் இப்படி? நாங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமா? ஆயா சொன்ன அந்த ‘சமத்து’ என்ற சொல்லை மட்டும் மார்க் ஷீட்டைப் போல வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டுவேன்.

சமர்த்து என்பதுதான் பேச்சில் சமத்து ஆனது. பெரியவர்களைச் சொன்னால் அதற்குத் திறமை, கெட்டிக்காரத்தனம் என்று பொருள். குழந்தையைச் சொல்லும்போது மட்டும் அது நமக்குத் தொந்தரவு தராமல் இருப்பது என்று ஆகிவிடுகிறது. ஊசி குத்தும்போது சத்தம் போடாத குழந்தை சமத்து. விருந்தாளிகள் இருக்கும்போது உள்ளறையிலேயே கிடக்கும் குழந்தை சமத்து. அம்மா வேலைக்குக் கிளம்புகையில் திரும்பியும் பார்க்காத குழந்தை படு சமத்து. இந்தப் பட்டத்தை வாங்குவதற்குக் குழந்தை என்ன விலை கொடுக்கிறது என்று நான் யோசித்ததில்லை. ஒரு பழைய ஆங்கிலக் கறுப்பு வெள்ளைப் படத்தின் கதையைப் படித்த பிறகுதான் யோசித்தேன்.

படத்தை எடுத்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். மருத்துவர் அல்ல, சினிமாக்காரரும் அல்ல. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் உழைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது குழந்தை உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃப்ராய்டு லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் நடத்திய போர்க்காலக் குழந்தைகள் விடுதியில் பாய்லருக்கு நெருப்புப் போடும் வேலைக்குப் போனார். அந்த விடுதியில் ஒரு நல்ல வழக்கம். எந்த வேலை செய்பவராக இருந்தாலும் சரி, குழந்தைகளிடம் கவனித்ததை ஓர் அட்டையில் எழுதித் தர வேண்டும். பாய்லர்காரரும் எழுதினார். அங்கே படிந்த கண்தான் அவருக்குக் கடைசிவரை சோறு போட்டது. 1948-இல் லண்டனின் டாவிஸ்டாக் கிளினிக்கில் குழந்தை மனநல மருத்துவர் ஜான் பௌல்பியிடம் சேர்ந்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் சின்னக் குழந்தைகளைப் பார்த்து எழுதுவது வேலை.

அன்றைய லண்டன் மருத்துவமனைகளில் பெற்றவர்களைக் கிருமியைப் போலத்தான் நடத்தினார்கள். 1949-இன் பார்வை நேரப் பட்டியல் ஒன்று இருக்கிறது. கைஸ் மருத்துவமனையில் ஞாயிறு இரண்டு மணி முதல் நான்கு வரை. வெஸ்ட்மின்ஸ்டரில் புதனும் ஞாயிறும் ஒவ்வொரு மணி நேரம். செயிண்ட் தாமஸில் முதல் மாதம் பிள்ளையைப் போய்ப் பார்க்கவே கூடாது. சாயங்காலம் ஏழிலிருந்து எட்டுக்குள் அது தூங்கும்போது பார்த்துவிட்டுப் போகலாம். இதில் கொடுமைக்காரர்கள் யாரும் இல்லை. பெற்றவர்கள் வந்தால் பிள்ளைகள் அழுகின்றன, போனால் இன்னும் அழுகின்றன, வராவிட்டால் அமைதியாக இருக்கின்றன. அப்படியானால் வராமல் இருப்பதுதானே பிள்ளைக்கு நல்லது? எங்கள் ஆயாவின் கணக்கேதான்.

ராபர்ட்சன் அந்த அமைதிக்குள் போய் உட்கார்ந்து பார்த்தார். சேர்த்த முதல் சில நாட்கள் குழந்தை கத்திக் கூப்பாடு போடுகிறது. கட்டில் கம்பியை உலுக்குகிறது, வாசலையே பார்க்கிறது. இதற்கு அவர் எதிர்ப்பு என்று பெயர் வைத்தார். பிறகு சோர்ந்து சுருண்டு ஈனஸ்வரத்தில் முனகுகிறது. இது நம்பிக்கையிழப்பு. அதற்கும் பிறகு ஒரு நாள் எழுந்து உட்கார்கிறது. சாப்பிடுகிறது, யார் வந்தாலும் சிரிக்கிறது, எந்த நர்ஸ் தூக்கினாலும் போகிறது. வார்டில் எல்லோருக்கும் நிம்மதி. ‘பழகிருச்சு’ என்கிறார்கள். அம்மா வருகிறாள். குழந்தை அவளைப் பார்க்கிறது, அவள் கொண்டுவந்த பையைப் பார்க்கிறது, பையிலிருக்கும் மிட்டாயை எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். வார்டு தேறிவிட்டது என்று சொன்ன இந்த மூன்றாம் கட்டத்தைத்தான் ராபர்ட்சன் எல்லாவற்றிலும் மோசமானதாகப் பார்த்தார். குழந்தை துக்கத்திலிருந்து மீளவில்லை. யாரும் தேவைப்படாமல் இருக்கப் பழகிவிட்டது என்றார்.

சொன்னால் யாரும் நம்பவில்லை. வாழ்நாளில் சினிமா கேமராவைத் தொட்டிராத அந்த மனிதர் கையில் பிடித்து எடுக்கும் கேமரா ஒன்றை வாங்கினார். அழுகிற பிள்ளையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தோர் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு பெயரை எடுத்தார்கள். வேண்டிய காட்சிகளை மட்டும் பொறுக்கினார் என்றும் சொல்லக் கூடாது. அதற்காகத் தினமும் குறித்த நேரத்தில் மட்டும் படம் பிடித்தார். வார்டின் சுவர்க்கடிகாரம் சட்டகத்துக்குள் தெரியும்படி பார்த்துக்கொண்டார். பட்டியலில் விழுந்த பெயர் லாரா. இரண்டு வயது ஐந்து மாதம். தொப்புள் குடலிறக்கத்துக்கு ஒரு சின்ன அறுவை, எட்டு நாள் தங்கல். ‘இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகிறது’ என்பது படத்தின் பெயர்.

லாரா வயதுக்கு மீறிய அடக்கம் உள்ள பெண். நம்மூர் மொழியில், சமத்து. கத்தவில்லை, உருளவில்லை. கரடிப் பொம்மையையும் வீட்டிலிருந்து வந்த ஒரு கம்பளித் துண்டையும் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடக்கிறாள். இடையிடையே அம்மா எங்கே என்று, பதிலை எதிர்பார்க்காதவர்கள் கேட்கும் குரலில் கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள். அம்மா பார்க்க வந்தால் சட்டென்று ஒட்டுவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எட்டாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது தன் சாமான்கள் அத்தனையையும் சேகரித்துக்கொள்கிறாள். அம்மா நீட்டிய கையை மட்டும் பிடிக்க மறுத்துத் தானாக நடந்து வெளியேறுகிறாள்.

1952 நவம்பரில் லண்டனில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் படத்தைத் திரையிட்டபோது மருத்துவர்களும் நர்சுகளும் கொதித்துப்போனார்கள். நம் மருத்துவமனைகளைக் கேவலப்படுத்துகிறது என்றார்கள். இந்தக் குழந்தை விதிவிலக்கு என்றார்கள். அவள் அழவே இல்லையே, சந்தோஷமாகத்தானே இருக்கிறாள் என்றும் அந்த அரங்கில் சிலருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் படம் யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அர்த்தப்படும்.

எனக்கு அதில் வலித்தது லாரா பிடிக்க மறுத்த அந்தக் கை. எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றும்போது அம்மா எடுத்துவிடுவாள். எனக்கு மூன்று வயது நடக்கையில் தங்கை பிறந்தாள். பிரசவத்துக்குப் பின் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. என்னை அம்பாசமுத்திரம் பக்கத்தில் அப்பாவைப் பெற்ற ஆச்சியிடம் கொண்டு விட்டார்கள். மூன்று மாதம். “ஒரு நா அழல. அவ்வளவு சமத்து. நான் கூட்டிட்டு வரப் போனா ஆச்சி சேலைக்குப் பின்னால நின்னுக்கிட்டு, ‘இது யாரு ஆச்சி’ன்னு கேட்டான்!” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், நாற்பது வயதுவரை.

பிள்ளைகள் சமாச்சாரத்தில் தமிழில் நுணுக்கமான சொற்கள் கிடக்கின்றன. ஏழெட்டு மாதத்தில், அதுவரை யார் தூக்கினாலும் போன குழந்தை புதிய முகத்தைப் பார்த்தால் வீல் என்று அலறும். ‘வேத்துமுகம் வந்திருச்சு’ என்பார்கள். பல் முளைப்பதைப் போல அதுவும் வரவேண்டிய நேரத்தில் வரும் ஒன்று என்பது அந்த ‘வந்திருச்சு’வில் இருக்கிறது. எல்லா முகமும் ஒன்றாக இருந்த உலகத்தில் சில முகங்கள் தன்னுடையவை என்று குழந்தை பிரித்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. இன்னொன்று ஏக்கக் காய்ச்சல். அப்பா வெளியூர் போனால், பிள்ளையை ஊரில் விட்டுவந்தால், உடம்பில் ஒன்றும் இல்லாமலே காய்ச்சல் வரும். ‘பிள்ள ஏங்கிப்போச்சு, கொண்டு காட்டுங்க’ என்பார்கள். மருந்து, அந்த முகத்தைக் காட்டுவதுதான். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் பால் மறந்து மெலியும் குழந்தைக்குச் சவலை என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவில் இதே நிலைக்குக் ‘குவாஷியார்கர்’ என்ற உள்ளூர்ச் சொல் இருப்பதை சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930-களில் அறிந்து அதை அப்படியே மருத்துவப் பெயராக்கினார். அந்தச் சொல்லுக்கும் இடம் இழந்த குழந்தையின் நோய் என்பதுதான் பொருள்.

இதையெல்லாம் சொல்லி, நம் பாட்டிமார்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று முடித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. அதே பாட்டிதான் பூச்சாண்டியைக் கூப்பிட்டாள். அதே வாய்தான் ‘அடியாத மாடு படியாது’ என்றது. கூட்டுக் குடும்பத்தில் பத்துப் பேர் இருந்த வீட்டில், பிள்ளை சாப்பிட்டதா என்று பத்துப் பேரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்ட மதியங்கள் எனக்குத் தெரியும்.

பிள்ளை பார்க்கும் அந்த ஒரு முகம் என்ன செய்கிறது என்பதை முதலில் உட்கார்ந்து கவனித்தவர் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த். 1954-இல் கணவருக்கு உகாண்டாவில் வேலை கிடைத்ததால் கம்பாலாவுக்குப் போனவர். போன இடத்தில் சும்மா இராமல், சுற்றுக் கிராமங்களில் 26 குடும்பங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய், மதியம் இரண்டு மணி நேரம் அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். அவர் தேடிப் போனது பால் மறக்கடிப்பதைப் பற்றி. பால் மறக்கக் குழந்தையைச் சில நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அங்கே இருந்ததாகக் கேள்விப்பட்டிருந்தார். (இங்கே வேப்பெண்ணெய் தடவுவார்கள், அனுப்புவதும் உண்டு.) போய்ப் பார்த்தால் அந்த வழக்கம் ஏறக்குறைய வழக்கொழிந்திருந்தது. தேடியது கிடைக்காததால் இருந்ததைப் பார்த்தார். தவழும் குழந்தை அம்மா மடியிலிருந்து இறங்கும். ஓரடி போகும். திரும்பி முகத்தைப் பார்க்கும். இன்னும் இரண்டடி. வாசல்படிவரை போய் விருந்தாளியின் செருப்பை எடுத்து முகர்ந்துவிட்டு, வந்த வேகத்தில் மடிக்கு ஓடி வந்து ஒரு தொடு தொட்டுவிட்டு மறுபடி கிளம்பும். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டால் அந்தப் பயணம் நின்றுவிடும். மடி கட்டிப்போடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். குழந்தை வெளியே போவதற்கு அந்த மடி வேண்டியிருக்கிறது.

பிறகு அமெரிக்காவில் பால்டிமோரில் இன்னொரு 26 வீடுகளில் பிறந்ததிலிருந்து ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார். சில்வியா பெல்லும் அவரும் 1972-இல் வெளியிட்ட ஒரு முடிவை நான் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன், யாரும் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. முதல் மாதங்களில் அழுதவுடன் போய்த் தூக்கப்பட்ட குழந்தைகள் வருட முடிவில் அதிகம் அழவில்லை, குறைவாக அழுதன. தூக்கித் தூக்கிப் பழக்கப்படுத்தாதே என்ற அறிவுரை தலைகீழானது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்ற பழமொழியை நாம் சம்பள உயர்வு கேட்பதற்கும் ரேஷன் கார்டு வாங்குவதற்கும் வைத்திருக்கிறோம். அதை ஒரு முறை குழந்தைக்கே வைத்துப் பார்க்கலாம். அழுதால் பால் வரும் என்று தெரிந்த பிள்ளைதான் அழும். எத்தனை அழுதாலும் வராது என்று தெரிந்துகொண்ட பிள்ளை?

அதற்கான பதிலும் பால்டிமோரில்தான் தெரிய வந்தது. ஐன்ஸ்வொர்த் ஒரு சின்ன அறையை ஏற்பாடு செய்தார். பொம்மைகள், இரண்டு நாற்காலிகள். ஒரு வயதுக் குழந்தையோடு அம்மா வருகிறாள். முன்பின் தெரியாத ஒரு பெண் வருகிறாள். அம்மா வெளியே போகிறாள், மூன்று நிமிடத்தில் திரும்புகிறாள், மறுபடி போகிறாள், மறுபடி வருகிறாள். மொத்தம் இருபது நிமிடம் சொச்சம். அம்மா போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஐன்ஸ்வொர்த் பார்த்தது அவள் திரும்பி வரும்போது. பெரும்பாலான குழந்தைகள் நேரே அம்மாவிடம் போயின. கையைத் தூக்கின, ஒட்டிக்கொண்டு அழுதன, அழுகை அடங்கியதும் பொம்மையிடம் திரும்பின. இவற்றைத்தான் பாதுகாப்பான பற்று உள்ள குழந்தைகள் என்றார். சில குழந்தைகள் அழுதன, தூக்கினாலும் சமாதானமாகவில்லை. உதைத்தன, இறக்கிவிட்டால் மறுபடி தூக்கச் சொல்லின. இன்னும் சில அம்மா போனதையும் கவனிக்கவில்லை, வந்ததையும் கவனிக்கவில்லை. பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தன. நல்ல சமத்து.

1977-இல் ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் இந்த மூன்றாவது வகைக் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை. உள்ளே நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது. 1993-இல் ஜெர்மனியில் ஸ்பாங்லரும் கிராஸ்மனும் உமிழ்நீரில் கார்ட்டிசாலைப் பார்த்தார்கள். கத்தி அழுது அம்மாவிடம் ஆறுதல் வாங்கிய குழந்தைகளைவிட, காரை உருட்டிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு அது ஏறியிருந்தது.

இதைப் படித்த அன்று சாயங்காலம் காப்பகத்துக்குச் சற்று முன்னதாகவே போய்விட்டேன்.

இந்த வகைப்படுத்தல்களை வேதவாக்காக எடுத்துக்கொள்வதற்கில்லை. ஜெர்மனியின் வடக்கே பீலஃபெல்டில் இதே சோதனையைச் செய்தபோது ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் அம்மாவைக் கண்டுகொள்ளாத வகையில் விழுந்தன. ஜப்பானில் சப்போரோவில் அந்த வகையே இல்லை, சமாதானமாகாத குழந்தைகள்தான் நிறைய. பிறந்ததிலிருந்து அம்மாவின் முதுகைவிட்டு இறங்காத பிள்ளைக்கு, மூடிய அறையில் மூன்று நிமிடம் என்பது வேறு கணக்கு. தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி எழுதிய மார்கரெட் டிராவிக், 1990-இல் வெளிவந்த தன் நூலில், இங்கே தாய் தன் பிள்ளை மேலுள்ள பிரியத்தைப் பிறர் பார்க்கக் காட்டாமல் மறைப்பதையும், அடுத்தவள் பிள்ளையைக் கொஞ்சுவதையும் வியந்து பதிவுசெய்திருக்கிறார். கண்ணேறு பயம் அவருக்குப் புதிது. ஆனால் அன்பு என்பதற்கு நாம் தரும் பொருள்களில் ‘பழக்கம்’ என்பதையும் அவர் பிடித்திருந்தார். பௌல்பியும் ஐன்ஸ்வொர்த்தும் கட்டிய இந்தப் பற்றுக் கோட்பாட்டை ஒரே சொல்லில் மொழிபெயர்க்கச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன். பெற்றதனால் அல்ல, பழகியதனால் வருவது. அதனாலேயே அது அத்தையிடம் வரும், தாத்தாவிடம் வரும், ஆயாவிடமும் வரும்.

ஜான் பௌல்பிக்கே அது அப்படித்தான் வந்தது. வசதியான ஆங்கில வீட்டுப் பிள்ளை. அம்மாவைத் தினமும் மாலைத் தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம் பார்ப்பான். வளர்த்தவள் மின்னி என்ற செவிலி. அவனுக்கு நான்கு வயது ஆகும் தறுவாயில் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். அதைத் தாயை இழந்ததற்கு ஒப்பாகப் பிற்காலத்தில் சொன்னார். அந்த மனிதர் 1951-இல் தாயின் பராமரிப்பைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையைத் தூக்கிக்கொண்டு, வேலைக்குப் போகும் தாய்மார்களை ஐரோப்பா முழுக்க உலுக்கினார்கள் என்பது வருத்தமான வேடிக்கை. இன்றைக்கும் அந்தக் குற்றவுணர்ச்சி வாட்ஸாப்பில் சுற்றுகிறது. அதற்கு எட்வர்ட் டிரானிக்கின் வேலையைப் பதிலாகச் சொல்லலாம். அம்மாவும் குழந்தையும் முகத்தோடு முகம் பார்த்து விளையாடுவதை நுணுக்கமாக ஆராய்ந்தவர் அவர். நன்றாக இருக்கும் ஜோடிகள்கூடச் சுமார் முப்பது சதவீத நேரம்தான் இசைந்திருக்கின்றன என்று கண்டார். மீதி நேரம் பிசகுகிறது, மறுபடி கூடுகிறது. அந்த மறுபடி கூடுவதில்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது.

எதுவுமே கூடாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியா இருக்கிறது. 1966-இல் அதன் ஆட்சியாளர் சௌசெஸ்கு கருக்கலைப்பைத் தடைசெய்தார். பெற்றும் வளர்க்க முடியாத பிள்ளைகள் அரசு விடுதிகளில் குவிந்தார்கள். ஆட்சி விழுந்து பத்து ஆண்டு கழித்து புகாரெஸ்ட் விடுதிகளுக்குள் போன சார்லஸ் நெல்சன் முதலான ஆய்வாளர்களைத் திகைக்கவைத்தது கைக்குழந்தைகள் இருந்த அறைகளின் நிசப்தம். வரிசையாகக் கட்டில்கள், எல்லாவற்றிலும் குழந்தைகள், அழுகைச் சத்தம் இல்லை. அழுது யாரும் வராத இடத்தில் அழுகைக்கு வேலை இல்லை. விடுதியில் வாழ்ந்த 136 குழந்தைகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். (சீட்டுப் போட்டது சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.) இரண்டு வயதுக்குள் ஒரு வீட்டின் மடிக்கு வந்தவர்கள் அதிகம் மீண்டார்கள், பிந்தி வந்தவர்கள் பின்தங்கினார்கள்.

இந்த இடத்தில் நம் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டை நினைத்துக்கொள்கிறேன். ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள், கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து அம்மாக்கள், ஜன்னல் கம்பியில் காயும் துணிகள், தூக்குவாளிகள். பார்க்கச் சகிக்காது. ஆனால் எந்தப் பிள்ளை கண் விழித்தாலும் கைக்கெட்டும் தூரத்தில் அதன் அம்மா இருக்கிறாள். கோட்பாடு படித்து அப்படி வைக்கவில்லை. நர்சுகள் போதாததால் அப்படி ஆனது. கொலம்பியாவின் போகோட்டாவில் 1978-இல் இன்குபேட்டர் போதாமல்தான் குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் மார்போடு கட்டிவைக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்திலோ, தாயை உள்ளே விடு என்று சொல்ல 1959-இல் பிளாட் குழு 55 பரிந்துரைகளோடு ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அதன் பிறகும் தாய்மார்கள் சங்கம் வைத்துப் போராட வேண்டியிருந்தது.

அந்த ஒரு முகம் தாயுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை என்று எல்லாம் சேர்ந்த வீடுகளில் பிறந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்து வந்திருந்தார்கள். அவர்கள் பின்னால் பார்த்தால் யாராவது ஒருவர் இருந்தார். பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், ஓர் ஆசிரியை. அந்த ஒருவர் நிலையாக இருந்தார் என்பதுதான் விஷயம்.

நிலையாக இருப்பதற்குத்தான் இங்கே காசு இல்லை. என் மகள் போன காப்பகத்தில் ஒன்றரை வருடத்தில் நான்கு ஆயாக்கள். கொடுக்கும் சம்பளத்துக்கு யார் நிற்பார்கள்? ‘நாள் பூரா சமத்து’ என்று சொன்னவர் மூன்றாமவர். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது முந்தானை நுனியை அவர்கள் கையில் கொடுத்துவிடுவார். ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்படியே அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பார். ஒரு திங்கட்கிழமை அவர் இல்லை. பெரியவர்களிடம் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. என் மகள் அந்த வாரம் புது ஆயாவின் சுடிதார்த் துப்பட்டாவை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாளாம்.

சொல்லாமல் போவதில் நாம் எல்லோருமே தேர்ந்தவர்கள். ‘அதோ பார் காக்கா’ என்று பிள்ளையை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டு அம்மாவைக் கொல்லை வழியாக அனுப்பாத வீடு உண்டா? அழுகை மிச்சம் என்று நினைக்கிறோம். காக்காவைப் பார்த்துத் திரும்பிய குழந்தைக்கு, கண்ணை எடுத்தால் ஆள் போய்விடும் என்ற பாடம் கிடைக்கிறது. அப்புறம் அது நம்மை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. ஒட்டிக்கொண்டே திரிகிறது என்று அலுத்துக்கொள்கிறோம். நாங்கள் காக்காவை நிறுத்திவிட்டோம். சாயங்காலம் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவது. காலையிலும் அழுதாள், சாயங்காலமும் அழுதாள். அக்கம்பக்கத்தில் அவளுக்குச் சமத்துப் பட்டம் கிடைக்கவில்லை.

லாராவின் கதையில் ஒரு பின்குறிப்பு உண்டு. ஆறு மாதம் கழித்து, எதிர்பாராமல் அந்தப் படத்தின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் பார்க்கும்படி ஆகிவிட்டது. முகம் சிவந்து அம்மாவிடம் திரும்பி, அத்தனை நேரம் நீ எங்கே போயிருந்தாய் என்று கோபமாகக் கேட்டாள். பிறகு சத்தம் போட்டு அழுதாள். ஆறுதலுக்கு அப்பாவிடம் போனாள். எட்டு நாள் அழாத அழுகை ஆறு மாதம் உள்ளேயே இருந்திருக்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் அந்த ஆச்சி வீட்டுக் கதையைக் கேட்டேன். இந்த முறை கல்யாணக் கூட்டம் இல்லை. அடுப்படியில் அவள் பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள், நான் நார் எடுத்துக்கொண்டிருந்தேன்.

“நான் நெசமாவே அழலயாம்மா?”

“அழல. ஆச்சிதான் உன்ன அப்படிப் பாத்துக்கிட்டாளே. ராத்திரி அவ வயித்து மேலதான் தூங்குவ.”

அது உண்மைதான். ஆச்சி வயிற்றின் சூடு இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது. ‘இது யாரு’ என்று நான் கேட்டது மறந்துபோயா, கோபத்திலா, அல்லது எனக்கு அங்கே குறை ஒன்றும் இல்லாததாலா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“கூட்டிட்டு வந்தப்புறம்?”

அம்மா கொஞ்ச நேரம் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பகல்ல எங்கிட்ட வரமாட்ட. அப்பாகிட்டதான் சோறு கேப்ப. நானும் விட்டுட்டேன், புள்ள மறந்துட்டான்னு. ராத்திரி நீ தூங்கினப்புறம் பக்கத்துல வந்து படுப்பேன். தூக்கத்துல கைய நீட்டித் தாலிக்கொடியப் பிடிச்சுக்குவ. எடுத்துவிட்டாலும் திரும்பப் பிடிச்சுக்குவ. விடியறவரைக்கும் விடமாட்ட.”

“இத நீ சொன்னதே இல்லையே.”

“கல்யாண வீட்லயா சொல்லுவாக?” என்றாள்.